இசைக் கொப்பி பார்க்கப் போன சம்பந்திகள்

மகள் விரும்பியிருக்கிற சுவிஸ் பெடியனின் தாய், எங்களை முதன்முதலாகச் சந்திக்க அழைத்தது தன் வீட்டுக்கு அல்ல, பாசலில் இருக்கும் ஒரு பழைய நூலகத்துக்கு. எப்போதோ செத்துப்போன ஓர் இசையமைப்பாளர் தன் கைப்பட இசை எழுதிய கொப்பி அங்கே இருக்கிறதாம். எல்லோரும் சேர்ந்து அதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். மின்னஞ்சல்கூட இல்லை, முத்திரை ஒட்டித் தபாலில் வந்த கடிதம். நான் அதை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் கலியாணம் என்ற சொல்லைத் தேடினேன். அது இல்லை.

"என்னப்பா இது, சம்பந்தம் கதைக்கக் கூப்பிடுறாவோ, கொப்பி பாக்கக் கூப்பிடுறாவோ?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறவர். அதனால் சுவிஸ் ஆட்களின் போக்கெல்லாம் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார். தனக்கு விளங்காத எதற்கும் அவர் சொல்கிற பதில் அது.

இசையமைப்பாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அவரைக்கூடத் தெரியாதா என்று என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். தெரியாதுதான். நான் ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே பின்னேரங்களில் யாராவது வந்து கூடத்தில் பியானோ வாசிப்பார்கள். துணி உலர்த்துகிற மெசினின் இரைச்சலில் எனக்கு அது பாதிதான் கேட்கும். அதில் எது யாருடைய பாட்டு என்று நான் விசாரித்ததில்லை.

எனக்கு அந்தக் கொப்பியில் ஓர் அக்கறையும் இருக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பெடியன் பிறந்த நேரம். நாள் தெரியும், ஊர் தெரியும், நேரம் மட்டும் தெரியாது. அதைப் பெற்றவளைவிட வேறு யார் சரியாகச் சொல்வார்?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய் இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் எட்டில் செவ்வாய் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அப்படிப் பிறந்த பெண்ணைக் கட்டுகிறவனுக்கு ஆயுள் குறைவு என்பார்கள். அவனுடைய சாதகத்திலும் அதேபோலச் செவ்வாய்க் குற்றம் இருந்தால் ஒன்றையொன்று வெட்டிவிடும், பயமில்லை. இதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. நம்பவில்லை என்று சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான்.

இதே செவ்வாயால் ஒருமுறை நான் என் பிள்ளையை அழ வைத்தவள். நாலு வருடத்துக்கு முன்னால் ஃப்ரிபூர்க்கில் எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பிள்ளை, நல்ல வேலை, தாய்க்கு ஒரே மகன். சாதகம் பார்த்தோம், அவனுக்குச் செவ்வாய் சுத்தமாக இருந்தது, ஒன்றையொன்று வெட்ட வழியில்லை. நான் ஒற்றைக்காலில் நின்று அதை நிறுத்தினேன். அந்தத் தாயின் ஒரே பிள்ளைக்கு என் மகளால் ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன் என்பதுதான் என் யோசனை. மகள் எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பிள்ளை வேறு இடத்தில் கலியாணம் கட்டி, இப்போது ஒரு குழந்தைக்கும் தகப்பன்.

அதனால் இந்த முறை மகள் முதலிலேயே கோடு போட்டுவிட்டாள். "அம்மா, அவையளோடை சாதகம், நேரம், செவ்வாய் எண்டு ஒண்டும் கதைக்கக் கூடாது. கதைச்சியள் எண்டால் அதோடை முடிஞ்சுது. பிறகு உங்களை ஒண்டுக்கும் கூப்பிட மாட்டன்."

நான் ஓம் என்றேன். மனதுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போகிற நாள் நெருங்க நெருங்கக் குழப்பம் கூடியது. பழைய கொப்பி பார்க்கப் போகிறவர்கள் என்ன உடுத்துவார்கள்? சம்பந்தி வீட்டாரைப் பார்க்கப் போவதென்றால் எனக்குத் தெரியும். ஆனால் இது சம்பந்தி வீடு அல்ல, நூலகம். கடைசியில் பட்டுச் சேலைதான் உடுத்தினேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பயித்தம் பணியாரம் சுட்டு ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டேன். கணவர் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டுவதா வேண்டாமா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கட்டினார், கழற்றினார், திரும்பக் கட்டினார்.

புறப்படுகிற நேரத்தில், அவர் சப்பாத்துப் போடக் குனிந்த சமயம், அலுமாரியில் இருந்து மகளின் சாதகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். படம் பிடித்து ஃபோனில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கலியாண விஷயத்துக்கு மூலத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். ஊரில் சாத்திரியார் தன் கையால் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி அனுப்பிய ஒற்றைத் தாள் அது. முப்பது வருடத்தில் பழுத்துப்போய், மடிப்புகளில் நூல் நூலாகி இருந்தது. பெடியனின் தாயைத் தனியாக ஓர் இரண்டு நிமிடம் பிடித்தால் போதும், பேச்சுவாக்கில் நேரத்தைக் கேட்டு அதன் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வது என்பது என் திட்டம்.

பாசல் ஸ்டேசனில் மூன்று பேரும் நின்றார்கள், மகளும் பெடியனும் தாயும். தாய்க்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வெட்டிவிட்ட நரை மயிர், மழைக்கோட்டு, முதுகில் ஒரு பை. பெடியனின் தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார் என்று மகள் சொல்லியிருந்தாள். தாய் தன் ஊரின் பாடற் குழுவை நடத்துகிறவர். என் சேலையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, எவ்வளவு அழகு என்றார். அடுத்த மூச்சில், இனி நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி, நீ என்றே அழைப்போம் என்றார். இங்கே நெருங்கிய பழக்கத்துக்கு அதுதான் வழி, வயதில் மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சம்பந்தியாக வரப்போகிறவரை முதல் நாளே நீ என்று கூப்பிட என் வாய் வளையவில்லை. அன்று முழுவதும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து கதைத்தேன்.

ட்ராமில் போகும்போது அவர் கொப்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே கலியாணப் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஆணின் பக்கத்தார் தொடங்குவார்களா, நாங்கள் தொடங்க வேண்டுமா? எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் போய்க் கதைப்பது. இவர்கள் முறை என்ன என்று யாரிடம் கேட்பது? மகளிடம் கேட்டால் முறைப்பாள். பெடியன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நூலக வாசலிலேயே முதல் அடி விழுந்தது. மேற்சட்டை, பை, குடை, பேனை எல்லாவற்றையும் கீழே லொக்கருக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம். சாப்பாட்டுச் சாமான் மேலே கொண்டுபோகவே கூடாதாம். பென்சிலும் வெறும் கடதாசியும் ஃபோனும் மட்டும், அதுவும் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில். என் பணியாரப் பெட்டி இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. கைப்பையையும் வைக்க வேண்டும். சாதகம்?

பிள்ளையின் சாதகத்தை யாரோ ஈரக் குடை வைத்த லொக்கருக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் வைத்தால் மகள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். மற்றவர்கள் கோட்டுக் கழற்றிக்கொண்டு நின்ற நேரத்தில், அதை நாலாக மடித்து இடுப்பில் சேலைக் கொய்யக மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். வேலையில் மெசின் திருத்த வருகிறவனின் ரசீதை ஏப்ரன் இடுப்புக்குள் அப்படித்தான் வைப்பேன், அதுவரை ஒன்றும் விழுந்ததில்லை.

மேலே ஒரு சின்ன அறை, நடுவே ஒரு பெரிய மேசை. சாம்பல் நிறச் சட்டை போட்ட நூலகப் பெண் ஒருவர் எங்களைக் கை கழுவிவரச் சொன்னார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, நுரை மெத்தை ஒன்றின் மேல் கொப்பியைச் சாய்த்து வைத்தார். டி.வி.யில் பார்த்ததுபோல வெள்ளைக் கையுறை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை, சுத்தமான வெறுங்கைதான் நல்லது என்றார். நாங்கள் தொடக் கூடாது, அவர்தான் தாள் திருப்புவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரேயடியாக ஏமாற்றமாக இருந்தது. பக்கம் முழுக்க வெட்டும் குத்தும். ஒரு வரியை எழுதி, அதைக் கோடு கோடாக அடித்து, அதற்கு மேல் வேறு ஒன்று எழுதி, அதையும் அடித்திருந்தது. ஓரிடத்தில் மை சிந்தியிருந்தது. இன்னோரிடத்தில் பக்கத்தின் பாதியை மறைத்து வேறு கடதாசி ஒட்டியிருந்தது. என் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இப்படி ஒரு கொப்பி எழுதியிருந்தால் நான் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வைத்திருப்பேன். இதைப் பார்க்கவா இரண்டு ரெயில் ஏறி, பட்டு உடுத்தி வந்தேன்?

கணவர் மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பெடியனின் தாய் மட்டும் எதையோ தேடினார். இன்னும் இரண்டு தாள், இன்னும் ஒன்று என்று நூலகப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் "இங்கே" என்று நிறுத்தினார். விரலைத் தாளில் படாமல் ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு ஒரு புள்ளியைக் காட்டினார். எங்களுக்காக மெல்ல, இலகுவான ஜெர்மனில் விளக்கினார். இந்தப் பாட்டை அவருடைய குழு ஒவ்வொரு வருடமும் பாடுகிறது. அச்சுப் புத்தகத்தில் இந்த ஒரு சுரம் ஒரு கோடு மேலே இருக்கிறது. பிரதி எடுத்தவன் யாரோ கைதவறிப் போட்ட பிழை. அவனைப் பார்த்து அடுத்தவன், அடுத்தவனைப் பார்த்து அச்சுக்காரன். இதைச் சமீபத்தில்தான் எங்கேயோ வாசித்தாராம். நம்ப முடியாமல், தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார். எங்களையும் ஏன் கூட்டிவந்தார் என்றால், தனக்கு மிகவும் முக்கியமான நாளில் புதுச் சொந்தங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினாராம்.

"இத்தனை வருடமும் நான் அவர்களைப் பிழையாகப் பாட வைத்திருக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். ஒரு மனுசிக்குத் தான் அத்தனை வருடம் செய்தது பிழை என்று தெரிந்தால் சிரிப்பு எப்படி வரும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் புதுச் சொந்தங்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அட, இது சம்பந்தப் பேச்சுத்தானோ? அந்தப் புள்ளியை நானும் ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று நன்றாக முன்னால் சாய்ந்தேன். மேசை விளிம்பு என் இடுப்பை அழுத்தியது.

சாதகம் கொய்யகத்தை விட்டு மேலெழும்பிச் சறுக்கி, கொப்பி வைத்திருந்த மெத்தையின் ஓரத்தில் போய் விழுந்தது.

நூலகப் பெண்ணின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போயிற்று. பழுத்த கடதாசி, கை எழுத்து, ஓரமெல்லாம் கறை. அவருடைய கொப்பியில் இருந்து ஒரு தாள் கழன்று விழுந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். எல்லோரையும் மேசையை விட்டுப் பின்னால் போகச் சொன்னார். இரண்டு கையாலும் அதை ஏந்தி எடுத்து, பக்கத்தில் இருந்த வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மிகவும் மெதுவாக ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். பிறகு அப்படியே நின்றார். உள்ளே இரண்டு சதுரக் கட்டங்கள், கட்டங்களுக்குள் அவருக்குத் தெரியாத எழுத்துகள், மேலே பிள்ளையார் சுழி.

"இது எங்களுடையது இல்லையே" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"என்னுடையது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் மகளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கணவர் என் காதோரம் குனிந்து, "உமக்கென்ன விசரே?" என்றார். வெட்கத்தில் மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது.

நூலகப் பெண்ணுக்குக் கோபம்தான். வெளியிலிருந்து பழைய தாள்களை இங்கே கொண்டுவருவது ஏன் தடை என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும் என்றார். நான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். பெடியனின் தாயோ இதற்குள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சாதகத்தின் மேல் குனிந்துவிட்டார். "இதுவும் இசையா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் அவருடைய கொப்பியைப் பார்த்து முழித்ததுபோலவே அவர் என் ஒற்றையைப் பார்த்து முழித்தார்.

மகள்தான் பதில் சொன்னாள். "இல்லை. நான் பிறந்தபோது வானத்தில் எது எங்கே இருந்தது என்று எழுதியிருக்கிறது. கலியாணம் பேசும்போது எங்கள் ஆட்கள் இதைப் பார்ப்பார்கள்." குரலில் ஓர் ஏற்ற இறக்கமும் இல்லை. அவள் அப்படிக் கதைத்தால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம்.

பெடியனின் தாய்க்கு ஒரே சந்தோஷம். எது சூரியன், எது சந்திரன் என்று என்னைக் கேட்டார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முதியோர் இல்லத்தில் படித்த ஜெர்மனில் காட்டினேன். செவ்வாயை மட்டும் விட்டுவிட்டேன். தலைப்பில் இருந்த இலக்கங்களை அவராலும் வாசிக்க முடிந்தது. அது என்ன, இரண்டு நேரம் எழுதியிருக்கிறதே என்றார்.

"ஒன்று சுவிஸ் நேரம், ஒன்று இலங்கை நேரம்" என்றார் என் கணவர், தனக்கும் ஒரு வேலை கிடைத்த நிம்மதியில். "பிற்பகல் இரண்டு இருபது. அங்கே மாலை ஆறு ஐம்பது."

"எத்தனை மணித்தியால வித்தியாசம் அப்போது?"

பெடியனின் தாய் என்னைத்தான் கேட்டார். நானும் வாயைத் திறந்தேன். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஊரில் இருக்கிற அக்காவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஃபோன் எடுக்கிறவள் நான். குளிர்காலத்தில் எங்கள் பன்னிரண்டரைக்கு எடுத்தால் அங்கே பின்னேரம் ஐந்து. வெயில் காலத்தில் மணிக்கூட்டை மாற்றிவிட்டால் ஒன்றரைக்குத்தான் எடுக்க வேண்டும். பங்குனி முடிவில் ஒருமுறை, ஐப்பசி முடிவில் ஒருமுறை, எத்தனை வருடமாக மாற்றி மாற்றி எடுத்திருக்கிறேன்.

"குளிர்காலத்தில் நாலரை. வெயில் காலத்தில் மூன்றரை" என்றேன். "இவள் பிறந்தது ஆனி மாதம். அப்படியென்றால் மூன்றரை."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கேட்டது.

இரண்டு இருபதோடு மூன்றரையைக் கூட்டினால் ஐந்து ஐம்பது. சாதகத்தில் இருந்தது ஆறு ஐம்பது.

கணவர் விரல் மடித்துக் கூட்டிப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை. பிள்ளை பிறந்த செய்தியை எழுதிச் சாத்திரியாருக்குக் கடிதம் போட்டவர் அவர்தான். நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியது மார்கழிக் குளிரில். ஊருக்கும் இந்த நாட்டுக்கும் நாலரை மணித்தியாலம் என்று யாரோ சொன்னது எங்கள் தலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆனியில் பிள்ளை பிறந்தபோது, அதே நாலரையைத்தான் அவர் கடிதத்தில் எழுதினார், நானும் பார்த்துச் சரி என்றேன். சாத்திரியார் பாவம், சுவிஸ்காரன் வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புவான் என்று அவர் கனவா கண்டார்?

ஒரு மணித்தியாலம் முந்தினால் இலக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போகலாம். போனால் எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒன்பதில் இருந்தால் குற்றமே இல்லை. போகாமலும் விடலாம், அதைக் கணித்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சந்தோஷப்படுவதா, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. ஃப்ரிபூர்க் பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எட்டு மாதம் சாப்பாட்டு மேசையில் என் முகம் பார்க்காமல் சாப்பிட்டு எழும்பிப் போன என் பிள்ளையின் முதுகும் வந்தது. இந்தப் பழுத்த ஒற்றையைப் பிடித்துக்கொண்டு நான் என்னென்ன ஆட்டம் ஆடியிருக்கிறேன்.

பெடியனின் தாய் என் தோளைத் தொட்டு, "பார், உன்னிடமும் ஒரு பிழை" என்றார். தன் பிழைக்குச் சிரித்தவர் என் பிழைக்கும் என்னோடு சேர்ந்து சிரிக்கக் காத்திருந்தார். என்னால் முடியவில்லை. நூலகப் பெண் என் ஒற்றையை மடித்து, ஒரு புது உறைக்குள் போட்டு என்னிடம் தந்தார்.

வெளியே வந்து ரைன் ஆற்றுப் பாலத்தால் நடந்தோம். மற்ற மூவரும் முன்னால் போனார்கள். கணவர் பெடியனுக்குக் கையால் ஏதோ காட்டி விளக்கிக்கொண்டு போனார். நானும் மகளும் பின்னால் வந்தோம். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

பாலத்தின் பாதிக்கு வந்ததும் நானே தொடங்கினேன். "பிள்ளை, அந்த ஃப்ரிபூர்க் விஷயத்திலை நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

நான் பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதை விடுங்கோ அம்மா. எனக்கு இப்ப அதிலை ஒண்டும் இல்லை" என்றாள். பிறகு நின்றாள். "நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இவன்ரை நேரம் எனக்குத் தெரியும். இவனோடை பழகத் தொடங்கின உடனையே தாயிட்டைக் கேட்டு வச்சிருக்கிறன்."

"கேட்டு என்ன செய்தனி?" என்றேன்.

"உங்கடை அலுமாரியிலை இருந்த சாதகத்தைப் படம் எடுத்து, இவன்ரை நேரத்தையும் சேர்த்து, கொழும்பிலை ஒரு ஆளுக்கு அனுப்பினனான். ஒன்லைனிலை பாக்கிறவர். இது கூடாது, பெடியன்ரை உயிருக்கு ஆபத்து எண்டு எழுதினார். ரெண்டு வருசமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவன் கிழமைக்குக் கிழமை மலை ஏறப் போறவன் அம்மா. கயிறு கட்டி ஏறுறது. நீங்கள் பயப்பிடுவியள் எண்டு அதையும் மறைச்சனான். அவன் போற நாளிலை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இறங்கிட்டன் எண்டு மெசேஜ் வாறவரைக்கும் ஃபோனையே பாத்துக்கொண்டு இருப்பன்."

"அப்ப ஏன் என்னைக் கேக்க வேண்டாம் எண்டனி?"

"நீங்கள் கேட்டால் அந்த ஆபத்தைச் சத்தமாய்ச் சொல்லுவியள். எனக்கு அதைக் காதாலை கேக்க ஏலாது."

இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டில் படித்து, நாலு மொழி கதைக்கிறவள். ஊரின் பழக்கம் ஒன்றும் இவளிடம் ஒட்டவில்லை என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன்.

"அதுதான் இப்ப நேரம் பிழை எண்டு தெரிஞ்சிட்டுதே பிள்ளை. சரியான நேரத்தைக் குடுத்துத் திருப்பி எழுதுவிப்பம். ஒரு மணித்தியாலம் எண்டால் எல்லாம் மாறும்."

அவள் உடனே என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அம்மா. திருப்பி எழுதி, அதிலையும் எட்டு எண்டு வந்தால்?"

அது அப்படியே என் குரல். சம்பந்தம் வேண்டாம் என்று ஃப்ரிபூர்க் பிள்ளையின் தாயிடம் நான் ஃபோனில் கதைத்த அதே குரல், அதே நடுக்கம். முப்பது வருடமாக நான் பயந்ததெல்லாம், என் மகளைக் கட்டப்போகிற எவனோ ஒருவனின் உயிருக்கு. பயந்திருக்க வேண்டியது இவளுக்காக என்று அந்தப் பாலத்தில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.